இரண்டாம் முறை நின்ற படக்காட்சி

மாத்தளை நகரை முதுகுக்குப் பின்னால் விட்டு, ஏ ஒன்பது வீதியின் ஓரமாக வடக்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு சாரம், சவுக்காரப் பெட்டி, என் குறிப்புக் கொப்பி. அரை மணி நேரத்துக்கு முன்புதான் வேலையை விட்டிருந்தேன். விட்டேன் என்பதைவிட, பேச்சின் நடுவில் எழுந்து வந்துவிட்டேன் என்பதே சரி. பஸ் நிலையத்தில் ஏறியிருந்தால் இந்நேரம் பாதி வழி போயிருப்பேன். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் உட்கார முடியாது, நடக்கத்தான் முடியும். அலுவிகாரை வரை நடந்து, கோபம் ஆறியதும் தம்புள்ளை பஸ்ஸை மறித்து ஏறுவது என்று திட்டம்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. அது நான் எழுந்து வந்த ஒன்பதாவது இடம்.

இப்போது வேலையிலிருந்து ஓய்ந்து வீட்டில் இருக்கிறேன். போன மாதம் நான் வேலை செய்த பழைய இணையத்தளப் பட்டறைக்கு ஒரு நடை போனபோது அங்கிருக்கும் பிள்ளைகள் கேட்டார்கள்: "அங்கிள், ஒரு ஸ்லைட் ஷோ ஓட வைக்கிறதுக்கா நீங்கல்லாம் ஒரு மாசம் உக்காந்திருந்தீங்க?" அவர்களுக்கு அது ஆயத்தமாக வருகிறது. இரண்டு வரி ஒட்டினால் எல்லாத் திரையிலும் ஓடுகிறது. சிரிக்கட்டும், நானும் சேர்ந்து சிரித்தேன். எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஏழு பேருக்கு ஓர் அறை. நான் வெளியேறினால் ஒருவர் கால் நீட்டிப் படுக்கலாம் என்ற கணக்கில் வெளியேறினேன். தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மூட்டை தூக்கினேன். திருகோணமலையில் மீன் லொறிக்கு ஐஸ் உடைத்தேன். கொழும்பில் துணிக்கடை. வஹகோட்டைக் கோயில் திருவிழாவில் மெழுகுதிரி விற்றேன், அது மட்டும் மிகவும் பிடித்திருந்தது, ஆனால் திருவிழா முடிந்துவிட்டது. பிறகு உக்குவளையில், தொலைபேசி எடுக்கவும் இணையம் பார்க்கவும் ஆட்கள் வரும் ஒரு கம்யூனிகேஷன் கடையில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தேன். அங்கே நான்கு கம்பியூட்டர் இருந்தன. எந்த இணையப் பக்கத்தையும் புரட்டி அதன் உள்பக்கத் தையலைப் பார்க்கலாம் என்று ஒரு நாள் கண்டுபிடித்தேன். பார்த்துப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். ஆங்கிலம் தெரியாது. ஆனால் எந்தச் சொல்லை மாற்றினால் எது அசைகிறது என்று தெரிந்துகொண்டேன். மூன்று வருடப் படிப்பு அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்ததுதான் மாத்தளையில் இரும்புக்கடை மாடியிலிருந்த பட்டறை. கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இணையத்தளம் செய்து கொடுக்கும் இடம். நடத்தியவர் ஃபர்சானா மிஸ். என்னைவிட எட்டு வயது இளையவர். உக்குவளையிலிருந்து காலை ரயிலில் வருவார், மாலை ரயிலுக்குப் போவார், இரண்டுக்கும் நடுவில் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்த மாட்டார். 'சொல்லுங்க' என்பது அவர் வாயில் 'செல்லுங்க' ஆகும்.

அவர் சரிபார்க்கும் விதத்தை எழுதத்தான் வேண்டும். வேலை முடிந்தது என்று நாம் சொன்னால், தன் கதிரையைத் திருப்பித் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். மடியில் ஒரு அட்டை, அதில் ஒரு தாள், நூலில் கட்டிய பென்சில்.

"இப்ப செல்லுங்க அண்ணன். என்ன தெரியுது?"

"எல்லாம் நல்லா வேலை செய்யுது மிஸ்."

"அது நீங்க நெனைக்கிறது. பாக்குறத செல்லுங்க."

"மொதல் படம் தெரியுது. மங்குது. ரெண்டாவது வருது. கீழ பேர் வருது."

"படம் வந்த பொறகு பேரா, பேர் வந்த பொறகு படமா?"

காதால் கேட்டே சரி போடுவார். கண்ணால் பார்த்தால் நமக்குத் தெரிந்தது நடப்பது போலவே தோன்றும் என்பது அவருடைய எண்ணம். முதல் வாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்றாவது வாரம், நான் வாயால் சொல்ல வேண்டியிருந்ததாலேயே இரண்டு பிழைகளைக் கண்டேன்.

பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளை உலாவி என்பார்கள். அந்தக் காலத்தில் ஒரே பக்கத்தை ஒவ்வோர் உலாவியும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். நாங்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தோம். கம்பியூட்டரோடு கூடவே வந்து, யாரும் அழைக்காமலே எல்லா வீட்டிலும் குடியிருந்த பழைய நீலநிற உலாவி, பெரியப்பா. அவருக்கு எதையும் அவர் காலத்து முறையில்தான் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து இறக்கிக்கொள்ளும் சுறுசுறுப்பான ஒன்று, நரி. இன்னும் நான்கு இருந்தன. ஆக ஆறு. தாளில் ஆறு கட்டம்.

ஒரு படம் மெல்ல மங்கி அடுத்தது வர வேண்டும் என்றால், எவ்வளவு மங்க வேண்டும் என்று நரிக்கு ஒன்றுக்குள் அளந்து சொல்ல வேண்டும், பெரியப்பாவுக்கு நூறுக்கு அளந்து சொல்ல வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாண மண்டபத்தின் தளத்தில் நரியின் அளவைப் பெரியப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன். பாதி மங்க வேண்டிய மணமகள், நூறில் ஒரு பங்குகூட இல்லாமல் தேய்ந்து ஆவி மாதிரி நின்றாள். மண்டபக்காரர் நேரில் வந்து, "எங்க மண்டபத்துல பேய் இருக்குன்னு நீங்களே சொல்லிக் குடுங்க" என்றார். அன்று முழுக்கச் சிரித்தோம்.

இன்னொரு தடவை ஒரு நகைக்கடை. மோதிரத்தின் படத்தை மாற்றி வைத்தோம். கடைக்காரர் பார்க்கும்போது பழைய மோதிரம்தான் தெரிந்தது. உலாவி ஒரு முறை வாங்கிய படத்தைத் தன்னிடம் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே எடுத்து நீட்டும். அதனால் வந்த வம்பு அது. அன்றோடு மிஸ் ஒரு சட்டம் போட்டார். சரிபார்க்கும் முன் ஒவ்வொரு தடவையும் சேமிப்பை அழி, உலாவியை மூடு, புதிதாகத் திற. அழி, மூடு, திற. எங்கள் விரலுக்கே அது பழகிப்போனது. நல்ல சட்டம். அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

இப்போது புவனம் அக்கா. அலுவிகாரையில் நான்கு அறை உள்ள வீடு. வெளிநாட்டுக்காரர்களைத் தங்கவைத்து, கூடவே சமைக்கக் கற்றுக்கொடுப்பார். கணவர் இறந்து ஆறு வருடம், மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். விருந்தினர் ஒன்றுவிட்டு ஒரு மாதம் வந்தார்கள். கொழும்பில் ஒரு பயண அலுவலகம், தங்கள் சுற்றுலா பஸ்கள் மதியச் சாப்பாட்டுக்கு நிற்க மாத்தளைப் பக்கம் ஓர் இடம் தேடியது. மூன்று இடங்களின் இணையத்தளத்தைப் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்வார்கள். அதற்காகத்தான் அக்கா எங்களிடம் வந்தார்.

"இது கெடைச்சா இங்கயே இருப்பேன். கெடைக்கலன்னா குவைத்துக்கு வீட்டு வேலைக்கு. ஏஜென்சியில பாஸ்போட் குடுத்துட்டேன். மக பரீட்சைக்கு நான் இருக்க மாட்டேன், அவ்வளவுதான்," என்றார். அழவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

முகப்பில் ஒன்பது படங்கள் ஓட வேண்டும். முதல் படம் குளியலறை என்று அக்கா பிடிவாதமாகச் சொன்னார். புதிதாக வெள்ளை ஓடு பதித்தது.

"அக்கா, சாப்பாட்டுக் கடைக்கு மொதல் படமா கக்கூஸப் போடுறதா?"

"தம்பி, வெள்ளக்காரங்க எங்க எறங்கினாலும் மொதல்ல எத கேப்பாங்க? நீங்க ஓட்டல்ல வேல செஞ்சதில்ல, அதான் தெரியல."

மிஸ் தாளிலிருந்து தலை தூக்காமலே, "அவங்கட வீடு, அவங்கட படம்," என்றார். போட்டேன்.

ஆறு உலாவியிலும் அழித்து, மூடி, திறந்து பார்த்தேன். பார்த்ததைச் சொன்னேன். ஆறு கட்டத்திலும் சரி விழுந்தது.

கொழும்பு பார்க்கும் நாளும் வந்தது. பகல் ஒன்றரை மணியளவில் அக்கா தொலைபேசியில் பட்டறையைக் கூப்பிட்டார். அங்குள்ள அலுவலர் ஒருவர் காலையில் பார்த்தாராம். ஒன்பது படமும் ஓடியது, பிடித்துப்போனது, மேலாளரைக் கூட்டிவந்து அதே கம்பியூட்டரில் மறுபடி திறந்தார். முதல் படத்திலேயே நின்றுவிட்டது. மேலாளர் குளியலறையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இவங்க பாத்ரூம் சாமான் விக்கிறவங்களா?" என்று சிங்களத்தில் கேட்டாராம். நாலு மணிக்கு மற்ற இரண்டு இடங்களோடு சேர்த்துக் கடைசியாக ஒரு முறை பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

"தம்பி, இங்கயும் அப்பிடித்தான் சில நேரம் நிக்குது," என்றார் அக்கா.

"உங்க லைன் ஸ்லோ அக்கா," என்றேன் நான்.

மிஸ் தொலைபேசியை வாங்கி, ஆள் அனுப்புவதாகச் சொல்லி வைத்தார். பிறகு என்னிடம், "போய்ப் பாத்துட்டு வாங்க அண்ணன்."

"ஆறுலயும் சரி போட்டிருக்கோம் மிஸ்."

"சரி போட்டமான்னு நான் கேக்கல்ல."

"அப்ப என் வேலையில நம்பிக்கை இல்ல."

"போய்ப் பாருங்கன்னுதான் செல்றேன்."

வேறு ஒருவனாக இருந்தால் போய்ப் பார்த்திருப்பான். நான் கொப்பியை எடுத்துக்கொண்டு, கடைக்குப் பின்னாலிருந்த என் அறைக்குப் போய், பையைக் கட்டிக்கொண்டு நடந்தேன். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன நடை அதுதான்.

அலுவிகாரையை அடைந்தபோது கோபம் ஏறக்குறைய தீர்ந்திருந்தது, தாகம் மட்டும் இருந்தது. அக்காவின் வீட்டை வேகமாகக் கடந்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் வாசலிலேயே நின்றார். ஆள் வருகிறதா என்று வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"வந்துட்டீங்களா தம்பி. மிஸ் சொன்னா சொன்னதுதான். அது என்ன மூட்டை, தங்கிப் பாக்கப் போறீங்களா?"

"சாமான் அக்கா. வேலைக்கு வேண்டிய சாமான்," என்றேன். வேறு என்ன சொல்வது.

உள்ளே கூட்டிப்போய் ஒரு ப்ளேன்டீ கொடுத்துக் கம்பியூட்டர் முன்னால் உட்கார வைத்தார். மணி இரண்டரை. திரையில் பெரியப்பா, அவருக்குள் குளியலறை. நின்றபடி நின்றது. நான் எதையும் யோசிக்கவில்லை, விரல் தானாகப் போனது. அழித்தேன், மூடினேன், திறந்தேன். குளியலறை மங்கியது. தோட்டம் வந்தது, அறைகள் வந்தன, ஒன்பதாவதாக மண்சட்டியில் பிஞ்சுப் பலாக்காயில் ஆக்கிய பொலஸ் கறி வந்தது.

"பாத்தீங்களா, ஓடுதே."

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "புது மாப்புள்ள வந்தா நல்லா நடக்கிற மாமியா மாதிரி இருக்கு. நீங்க வந்தா ஓடுது, போனா நிக்குது. எந்திரிங்க, நான் ஒருக்கா பாக்குறேன்."

அவர் உட்கார்ந்தார். மூடினார். திறந்தார். குளியலறை. நின்றது.

"அக்கா, அழிக்கணும்..."

"எத அழிக்கணும்? டீவி போடுறதுன்னா ஒவ்வொரு தரமும் எதையாவது அழிச்சிட்டா போடுறீங்க? கொழும்பு ஐயாகிட்ட போய் யாரு அழிக்கச் சொல்றது?"

இந்த இடத்தில் நான் கதிரையைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை கால் அப்படிப் பழகியிருந்தது.

"அக்கா, இப்ப நான் சொல்ற மாதிரி செய்ங்க. என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க."

அழித்துத் திறந்தால் ஓடியது. அழிக்காமல் திறந்தால் நின்றது. நான்கு தடவை அவர் சொன்னார், நான்கு தடவையும் அப்படியே. படங்கள் புதிதாக வந்தால் ஓடுகிறது. ஏற்கெனவே உலாவியின் சேமிப்பில் இருந்தால் நிற்கிறது. நாங்கள் எங்கள் மாடியில் ஒரு தடவைகூட அழிக்காமல் பார்த்ததில்லை. உலகத்தில் எல்லாரும் பார்ப்பது போல நாங்கள் மட்டும்தான் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

கொப்பியைப் புரட்டினேன். பிழை அங்கே என் கையெழுத்திலேயே இருந்தது. அடுத்த படத்தைக் கொண்டுவரச் சொல்ல ஒரு வரி. வந்ததும் எனக்குச் சொல், நான் மாற்றுகிறேன் என்று அதற்குக் கீழே ஒரு வரி. படம் தூரத்திலிருந்து வரும்போது இரண்டு வரியையும் சொல்லி முடிக்க நேரம் இருக்கிறது. படம் கையிலேயே இருந்தால் பெரியப்பா முதல் வரி கேட்டதுமே நீட்டிவிடுகிறார், இரண்டாவது வரி காதில் விழும்போது அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. அதன் பிறகு அவர் ஒரு பக்கம் காத்திருக்கிறார், நான் ஒரு பக்கம் காத்திருக்கிறேன், நடுவில் குளியலறை. நரி முழுப் பேச்சையும் கேட்டுவிட்டுத்தான் நகரும், அதனால் அதில் தெரியவில்லை. இரண்டு வரியையும் மேல் கீழாக மாற்ற வேண்டும். வேறொன்றும் இல்லை.

ஆனால் தளத்தில் கை வைக்கும் கடவுச்சொல் மிஸ்ஸிடம் மட்டும்தான் இருந்தது. அதுவும் அவருடைய சட்டம். மணி மூன்று. தொலைபேசி கூடத்தில் இருந்தது. நடந்து வந்த மூன்று கிலோமீட்டரைவிட அந்த ஐந்து அடி தூரம் அதிகமாகத் தெரிந்தது.

"ஹலோ," என்றார் மிஸ்.

"நான்தான் மிஸ்."

"எங்க ஈக்குறீங்க?"

"அலுவிகாரையில. புவனம் அக்கா வீட்டுல."

"நான் போகச் சொன்ன எடத்துலதானே." குரலில் சிரிப்பு இருந்ததா என்று இன்றுவரை தெரியாது. "பாக்குறத செல்லுங்க."

சொன்னேன். நினைத்ததைச் சொல்லவில்லை, பார்த்ததை மட்டும் சொன்னேன். எப்போது ஓடியது, எப்போது நின்றது. பிறகு, "பிழை என்னோடது மிஸ். ரெண்டு வரி மாறி நிக்குது."

"வரி உங்கட. அழிக்கிற சட்டம் என்ட. செரி, எந்த வரி?"

கொப்பியைப் பார்த்து வாசித்தேன். அவர் தட்டும் சத்தம் கேட்டது. தளத்தில் ஏற்றியாயிற்று என்றார். அக்கா மூடித் திறந்தார். குளியலறை. அப்படியே நின்றது.

மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ்தான் முதலில் பிடித்தார். "பொறுங்க. படத்த சேமிச்சு வெச்ச மாதிரி அந்த ரெண்டு வரியும் ஈக்கிற பழைய கோப்பையும் உங்கட பெரியப்பா சேமிச்சு வெச்சிருப்பார். கொழும்புலயும் அதே கதைதான். கோப்புட பேர மாத்துறேன். புதுப் பேர் கேட்டா வெளியில போய்த்தானே எடுக்கணும்."

பெயரை மாற்றினார். முகப்புப் பக்கத்தில் புதுப் பெயரைக் கொடுத்தார். மூன்று இருபது.

"அழிச்சிடாதீங்க," என்றார்.

"கை வைக்கல மிஸ். அக்காதான் பாக்குறாங்க."

அக்கா திறந்தார். மிஸ் தொலைபேசியில், நான் தொலைபேசியோடு, அக்கா திரைக்கு முன்னால். "மங்குது," என்றார் அக்கா. "தோட்டம் வந்திருச்சி." மூடினார், திறந்தார். "மறுபடியும் மங்குது." ஏழு தடவை திறந்தார். ஏழாவது தடவை மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். பரீட்சைப் புத்தகத்தோடு வந்த அந்தப் பிள்ளை, "ஏம்மா, இன்னும் கக்கூஸ்தான் மொதல்ல வருதா?" என்று கேட்டது.

நாலு மணி ஆயிற்று. அக்கா குசினிக்குப் போனார், வந்தார், போனார். நான் ஐந்தாவது ப்ளேன்டீயில் இருந்தேன். நாலே காலுக்குத் தொலைபேசி அடித்தது. அக்கா சிங்களத்தில் பேசினார். "ஔ மாத்தயா," என்று ஆமாம் போட்டார். "ஔ." பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "முப்பது பேருக்கா?" என்றார். பிறகு சம்மதித்து, "ஹரி, ஹரி. பிஞ்சுப் பலா மரத்துலயே இருக்கு."

ரிசீவரை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "கடைசிப் படத்துல இருக்கிற பொலஸ் கறி, சனிக்கெழம முப்பது பேருக்கு ஆக்க முடியுமான்னு கேக்குறார். பஸ் இங்கதான் நிக்குமாம்." மகள் புத்தகத்தைக் கதிரையில் போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். அக்கா அவள் தோளுக்கு மேலாக என்னிடம், "அப்புறம் அந்தாளு, பாத்ரூம் நல்லா இருக்குன்னும் சொன்னாரு. கேட்டுக்குங்க," என்றார்.

பாஸ்போட்டைத் திரும்ப வாங்க அக்கா மகளோடு நகரத்துக்குப் புறப்பட்ட அதே பஸ்ஸில் நானும் ஏறினேன். அது தெற்கே, மாத்தளைக்குத் திரும்பிப் போகிற பஸ்.

மறுநாள் காலை எட்டரைக்கு மாடிப்படி ஏறினேன். மிஸ் என் பையைப் பார்த்தார். என் பழைய மேசையில் வேறு வேலை பரப்பி வைத்திருந்தார்.

"உங்கட வேலைய மாத்திட்டேன் அண்ணன்," என்றார். ஜன்னலோரம் ஒரு பழைய கம்பியூட்டர் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தது. "இதுல யாரும் எதையும் அழிக்கக் கூடாது. குப்பை சேரட்டும். நாங்க முடிச்ச எல்லாத்தையும் நீங்க இதுல பாக்கணும். மூடணும். வேற எதையாவது பாக்கணும். திரும்ப வந்து அதையே பாக்கணும். வாடிக்கையாளர் மாதிரி."

"தெரிஞ்சதையே திரும்பத் திரும்பப் பாக்குறதா?"

"ஓம்."

"எத்தன நாளைக்கி மிஸ்?"

"அடுத்த பஸ் ஏறுற வரைக்கும்."

நான் பையை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு பல் வைத்தியரின் தளம் காத்திருந்தது. ஆறு படம். திறந்தேன். ஆறும் அழகாக ஓடின. மிஸ் தன் கதிரையைத் திருப்பிக்கொண்டு அட்டையை மடியில் எடுத்தார். நான் மூடினேன், கொஞ்ச நேரம் வெளியே வீதியைப் பார்த்தேன், மறுபடி திறந்தேன், கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லத் தொடங்கினேன்.